புதுக்குடித்தனத்தின் சாப்பாட்டுக் கணக்கு



மதுரை போன்ற நகரில் இருவர் சம்பளத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ஓர் இல்லத்தில், வாடகையும் கடன் தவணையும் மாதத் தொடக்கத்திலேயே கழிந்துவிடுவதால், குறைக்க இடமுள்ள செலவு என்று முதலில் கண்ணில் படுவது சாப்பாட்டுச் செலவே ஆகும். அதைக் குறைக்க முற்படுவோரில் பலர் மட்டமான அரிசிக்கு மாறுகின்றனர்; பாலைப் பாதியாக்குகின்றனர்; காய்கறியைச் சுருக்குகின்றனர். ஆனால் மாவுப் பொட்டலமும் மசாலாப் பொட்டலமும் நொறுக்குத் தீனியும் அலுத்து வரும் மாலைகளில் வாங்கும் பரோட்டாவும் கணக்கில் ஏறாமலே தொடர்கின்றன. வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்கவற்றைப் பிறர் உழைப்பும் உறையும் சேர்த்து விலைக்கு வாங்குவதும், வாங்கியவற்றில் ஒரு பங்கு உண்ணப்படாமல் குப்பைக்குப் போவதும் ஆகிய இரண்டுமே செலவு பெருகுவதற்குப் பெரிய காரணங்களாகும். இவ்விரண்டையும் கட்டுக்குள் கொண்டுவந்தால், தட்டில் ஒரு பிடி சோறும் குறையாமல் வாரச் செலவு இறங்கும் என்பதே இக்கடிதத்தின் சாரம்.

இவற்றில் முதல் காரணத்தை நாடு முழுவதற்குமான கணக்கும் காட்டுகிறது. இந்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஆகும் மாதச் செலவில் 39.68 விழுக்காடு உணவுக்குச் செல்கிறது. அதன் உட்பிரிவுகளில் முதலிடம் பெறுவது பானங்களும் சிற்றுண்டிகளும் பதப்படுத்திய உணவுகளும் அடங்கிய பிரிவே ஆகும். மொத்தச் செலவில் அதன் பங்கு 11.09 விழுக்காடு. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு ஆகும் செலவு அதில் பாதிகூட இல்லை. ஆகவே, சிக்கனத்தை அரிசிப் பானையிலிருந்து தொடங்குவோர் தவறான இடத்தில் கை வைக்கின்றனர்.

எதைக் குறைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு மாதக் காலத்திற்குக் கணக்கு எழுதிப் பார்ப்பது அவசியம். கணக்கு நோட்டில் மூன்று பத்திகள் போதும். முதல் பத்தியில் அரிசி, பருப்பு, காய், பால் போன்ற மூலப்பொருள்களும், இரண்டாவதில் அரைத்தோ பொரித்தோ சமைத்தோ வாங்கிய பொருள்களும், மூன்றாவதில் அழுகியோ புளித்தோ காலாவதியாகியோ எறியப்பட்ட பொருள்களும் இடம்பெற வேண்டும். பலரும் எழுதாமல் விடுவது மூன்றாவது பத்தியைத்தான்; அதிகம் கற்றுத் தருவதும் அதுவே. வாரந்தோறும் அரைக்கட்டுக் கீரை வாடிப்போகும் வீட்டில், கீரைக்காரம்மாவிடம் விலை குறைத்துக் கேட்பதை விடக் கீரை வாங்கிய அன்றே ஆய்ந்து சமைப்பதுதான் பணத்தைக் காக்கும்.

கொள்முதலை மாதச் சாமான் என்றும் வாரச் சாமான் என்றும் பிரித்துக்கொள்வது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. கெடாத அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றை ஒரே முறையில் மொத்தமாக வாங்கினால் விலை குறைவதோடு, அடிக்கடி கடைக்குப் போவதும் அப்போது பட்டியலில் இல்லாத பொருள்கள் பையில் ஏறுவதும் தவிர்க்கப்படும். மதுரையில் கீழமாசி வீதியின் மளிகைக் கடைகள் இத்தகைய மொத்தக் கொள்முதலுக்குப் பெயர் பெற்றவை. இருவர் மட்டும் உள்ள வீட்டிற்கு மொத்தமாக வாங்குவது மிகையாகும் என்று தோன்றினால், அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகளோடு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்திற்கும் இதே எண்ணமே அடிப்படை. சேமித்த பருப்பில் வண்டு விழுந்தால் மலிவாக வாங்கிய பயனே போய்விடும் என்பதால், பருப்பை வெயிலில் உலர்த்தி ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் காய்ந்த மிளகாயோ வசம்போ இட்டு மூடிவைக்க வேண்டும்.

குடும்ப அட்டையைக் கௌரவக் குறைவாகக் கருதி ஒதுக்கும் போக்கு படித்த இளையோரிடையே காணப்படுகிறது; அது விட்டொழிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அரசின் மானியத்தில் வழங்கப்படுகின்றன. அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அந்தப் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டாலும் இட்லிக்கு நன்றாக உதவும் என்பது இல்லத்தரசிகள் நன்கறிந்த செய்தி. புதுக்குடித்தனக்காரர் பெற்றோரின் அட்டைகளிலிருந்து தம் பெயர்களை நீக்கிக்கொண்டு தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அதை நாள் கடத்தாமல் செய்துவிடுவது நல்லது.

வாரக் காய்கறிக்கு உழவர் சந்தை ஏற்ற இடம். விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி நேரடியாக விற்கும் இந்தச் சந்தைமுறை, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அங்கு அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுவதால், புதிதாக வாங்கப் பழகுவோரும் ஏமாறுவதில்லை. வீட்டிலிருந்தே பட்டியல் எழுதிச் செல்லாமல், முதலில் விலைப்பலகையைப் பார்த்து, அன்று எது மலிவோ அதைக் கொண்டு வாரச் சமையலை அமைத்துக்கொள்வதே கைதேர்ந்த முறை.

பொட்டலப் பொருள் வாங்கும்போது மொத்த விலையை விட்டு அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ எவ்வளவு என்பதை, ஒப்பிட வேண்டும். இதை உறையின் மீது அச்சிடுவது இப்போது சட்ட விதியாகவே உள்ளது. எண்ணெயில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். எனவே 850 கிராம் உறை லிட்டர் உறையைப் போலவே தோன்றினாலும் அதில் எண்ணெய் குறைவு.

வீட்டுச் சமையல் எவ்வாறு மிச்சம் பிடிக்கிறது என்பதற்கு இட்லி மாவை விடத் தெளிவான சான்று இல்லை. ஒரு கிலோ இட்லி அரிசியும் 250 கிராம் முழு உளுந்தும் ஒரு கரண்டி வெந்தயமும் அரைபட்டு வரும்போது ஏறக்குறைய 3 கிலோ மாவாகின்றன. அப்படியானால், கடையில் வாங்கும் ஒரு கிலோ மாவில் தானியம் சற்றேறக்குறைய 400 கிராம்தான்; எஞ்சியது நீர். அந்த வாரத்து அரிசி விலையையும் உளுந்து விலையையும் மாவுப் பொட்டலத்தின் விலையோடு ஒப்பிட்டு ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பவர், வீட்டில் கிரைண்டர் சும்மா கிடக்க மாவை விலைக்கு வாங்க மனம் கொள்ளார்.

அரைப்பதில் பக்குவம் உளுந்தில் இருக்கிறது. அரிசியை நான்கைந்து மணி நேரமும் உளுந்தை ஒன்றிரண்டு மணி நேரமும் தனித்தனியே ஊறவைத்து, முதலில் உளுந்தைக் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரைக்க வேண்டும். பொங்கப் பொங்க அரைபட்ட உளுந்தில் ஒரு துளியைக் கிண்ணத்து நீரில் இட்டால் அது மூழ்காமல் மிதக்கும். அதுவே வழிக்க வேண்டிய பதம். பிறகு அரிசியைச் சற்றே நறநறப்பாக அரைத்து, உப்பிட்டு, கையால் கலந்து, மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்றை வெளியே வைத்துப் பொங்கவிட்டு முதல் இரண்டு நாள் இட்லிக்குப் பயன்படுத்தலாம். மற்றொன்றைப் பொங்கும் முன்பே குளிர்பெட்டியில் வைத்தால், தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவில் வெளியே எடுத்துப் புளிக்கவைத்துத் தோசை வார்க்கலாம். புளிப்பேறிய கடைசி மாவு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ந்தால் ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ ஆகிவிடும் என்பதால், கொட்டுவதற்கு ஒன்றும் எஞ்சாது.

குழம்பு மிளகாய்த்தூள் என்று மதுரைப் பக்கத்தில் வழங்கும் பொடியும் இத்தகையதே. மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மஞ்சள் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துவைத்தால், சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் பொரியலுக்கும் ஒரே பொடி உதவும். தனித்தனிப் பெயர்களில் விற்கும் பல பொட்டலங்கள் தேவைப்படா. புது மிளகாயும் புதுப்புளியும் வரத்தாகும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு உரிய காலம். தயிரும் அவ்வாறே. அரை லிட்டர் பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆற்றி, முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக ஊற்றினால் அரைக் கிலோ தயிர் கிடைக்கும். பாலின் விலைக்குத் தயிர் கிடைக்க, தயிருக்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

விலை ஏறிய காயை விடாமல் துரத்துவது செலவைக் கூட்டும் மற்றொரு பழக்கம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்க நேர்ந்தது. தக்காளி இல்லாமலே நிறைவு பெறும் மோர்க்குழம்பும் வத்தக்குழம்பும் பொரித்த குழம்பும் தமிழ்ச் சமையலில் இருக்கையில், அத்தகைய வாரங்களில் புளியும் மோரும் கைகொடுக்கும். பெரிய வெங்காயம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறும். வட மாநிலங்களில் இருப்பு வைத்த பழைய வெங்காயம் தீர்ந்து புது அறுவடை வந்துசேரும் வரையிலான இடைவெளியே அதற்குக் காரணம். அந்நாட்களில் வெங்காயம் வேண்டாத கூட்டும் துவையலும் அதிகம் இடம்பெறலாம்.

வாங்கிய காய்களைக் கெடும் வரிசையில் சமைப்பது விரயத்தைத் தடுக்கும் எளிய விதி. சந்தைக்குப் போன அன்று கீரை, மறுநாள் வெண்டையும் கத்தரியும், வார நடுவில் அவரையும் புடலையும், வாரக் கடைசியில் பூசணி, சேனை, வாழைக்காய் என்று அமைத்துக்கொண்டால், கடைசி நாளிலும் காய் வாடாது. பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். முள்ளங்கியின் இலை பொரியலாகும். குழையவெந்த துவரம் பருப்பின் மேலே தெளியும் நீரை இறுத்து ரசத்திற்கு வைத்து, அடியில் தங்கும் கெட்டிப் பருப்பைச் சாம்பாருக்கு எடுத்து, அதில் ஒரு கரண்டியைக் கூட்டில் சேர்த்தால், ஒரு வேக்காட்டில் மூன்று பதார்த்தங்கள் ஆகின்றன. பருப்போடு எரிவாயுவும் மிச்சமாகிறது.

இவை அனைத்திற்கும் மேலாக மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு. வீட்டில் அரைப்பதும் ஆய்வதும் காய்ச்சுவதும் உழைப்பு. அந்த உழைப்பு யாருடையது என்று கேளாமல் கணக்கிடும் சிக்கனம் பொய்க்கணக்கு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை ஆராய்ந்தபோது, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டது. வேலைக்குச் சென்று திரும்பும் மனைவி ஒருத்தியே மாவரைத்து, கீரை ஆய்ந்து, பாத்திரமும் துலக்கினால், மிச்சமாகும் பணம் அவளுடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரம் இருவருக்கும் பொதுவான சமையலறை வேலைக்கு ஒதுக்கப்பட வேண்டும். சந்தைக்குப் போவதும் கிரைண்டரைக் கழுவுவதும் ஆண்பிள்ளையின் பங்கில் நிலையாக இருத்தல் நன்று. இருவருக்கும் முடியாத வாரத்தில் மாவுப் பொட்டலம் வாங்குவது குற்றமன்று. வாங்கியது நோட்டில் பதிவாகட்டும், அது போதும்.

குறைக்கக் கூடாத செலவுகளும் உள்ளன. பால், முட்டை, பருப்பு, கீரை, பருவத்துப் பழம் ஆகியவற்றைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் தொகை, பின்னாளில் மருத்துவச் செலவாகத் திரும்பி வரக்கூடும். பெயரும் தேதியும் இல்லாமல் சில்லறையாக விற்கும் எண்ணெய் கலப்படத்திற்கு எளிதில் இடம் தருவதால், மலிவுக்காக அதை நாடக் கூடாது. தலைச்சுமையாகக் கீரை கொண்டு வரும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவதும் வேண்டாம். அவருடைய கூலி குறைந்து இவ்வீட்டின் கணக்கு நேராக வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயல்வோர் அடுத்த வாரமே சலித்துப்போய்க் கைவிடுகின்றனர். முதல் மாதத்தில் கணக்கு நோட்டும், இரண்டாம் மாதத்தில் மாவும் தயிரும், மூன்றாம் மாதத்தில் மொத்தக் கொள்முதலும் என்று படிப்படியாகச் செல்வதே நிலைக்கும். மிச்சமாகும் தொகையைக் கைச்செலவில் கரையவிடாமல், மாதந்தோறும் இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் தனியே போட்டுவந்தால், செய்த உழைப்பின் பயன் எண்ணாகத் தெரியும்; அது தெரியும்போது பழக்கம் தானே உறுதிப்படும். இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்து, சேர்ந்து சமைத்து, வயிறார உண்டு, நோய்நொடியின்றி வாழ வேண்டும் என்பதே பெரியம்மாவின் விருப்பம்.

அன்புடன்,
பெரியம்மா