மாடியில் விழும் 930 லிட்டர்!

"பூமியில முக்கால்வாசி தண்ணிதானே, அப்புறம் ஏன் லாரிக்குக் காத்திருக்கோம்?" என்று உங்கள் வீட்டு வாண்டு கேட்டால் மழுப்பாதீர்கள். அந்தத் தண்ணீரில் சுமார் 97 சதவிகிதம் உப்புநீர். மிச்சத்திலும் பெரும்பகுதி பனிக்கட்டி!

கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடும். அதனால்தான் மழைத்தண்ணீர் கரிப்பதில்லை. சென்னைக்கு அது அதிகம் கிடைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதைச் சேமிக்காமல், போர் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால்? நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்கும். கடல்நீர் உள்ளே புகும். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பானது இப்படித்தான்.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் இருக்கிறது, சரி... குழி? இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கும்! புரட்டாசி முடிவதற்குள் சுத்தம் செய்துவிடுங்கள். முதல் மழையில் மாடித் தூசியும் பறவை எச்சமும் கலந்து வரும். அதை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.