கடனுக்கும் காப்புறுதி உண்டா?



"கடன் எடுத்தவரு கண்ணை மூடினா, கடனும் அதோட போயிடுமா?"

திருகோணமலையில் ஒரு தாய் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவரைக் கல்யாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து படகும் எஞ்சினும் வாங்கக் கடன் எடுத்திருக்கிறார்கள். காசு கொடுக்கும்போதே "இன்ஷூரன்ஸ்" என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்களாம். அது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மாடு வாங்கவும் வீடு திருத்தவும் கடன் எடுக்கிற நம் லயங்களிலும் இதே கதைதான். ஆகவே இம்முறை இதைப் படிப்போம்.

நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. மாதாமாதம் எல்லோரும் சிறு தொகை போடுகிறோம். சாவு விழுந்த வீட்டுக்கு அது போகிறது. கடன் காப்புறுதியும் அடிப்படையில் அதுதான். ஒரு வித்தியாசம், காசு வீட்டுக்கு வராது. கடன் கொடுத்த இடத்துக்கு நேரே போய்க் கடனை அடைக்கும்.

300,000 ரூபாவை வருடத்துக்கு 18 வீத வட்டியில் 36 மாதத் தவணைக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 10,850 ரூபா கட்ட வேண்டும். 18 மாதம் ஒழுங்காகக் கட்டிய பின் மிச்சம் ஏறக்குறைய 170,000. அந்த நேரம் கடன்காரர் இறந்தால் காப்புறுதி அந்த 170,000 ஐத்தான் கொடுக்கும், 300,000 ஐ அல்ல. கடன் குறையக் குறையக் காப்பும் குறையும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று தவணை கட்டாமல் விட்டிருந்தால், அந்த 32,550 ரூபாவும் அதற்கான தண்டவட்டியும் பெரும்பாலும் காப்புக்குள் வராது. குடும்பந்தான் கட்ட வேண்டும். சீனி வருத்தம், பிரஷர் இருப்பதை மறைத்துக் கையொப்பம் வைத்திருந்தால் முழுவதையுமே மறுத்துவிடலாம். "சும்மா இல்லைன்னு போடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, ஆள் உயிரோடு இருந்து படகு போய்விட்டால்? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் படகும் வலையும் போயின. அப்படிப்பட்ட நாளில் உயிருக்கு மட்டும் எடுத்த கடன் காப்புறுதி ஒரு சதமும் தராது. படகுக்கு வேறு காப்புறுதி வேண்டும். அதிலும் கடல் கொந்தளிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கடன் உத்தரவாதம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஆள் வேறு. அது வங்கியைக் காப்பது. நாம் கட்டாவிட்டால் வங்கிக்கு ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் நம் கடன் நம் தலையில்தான். நமக்காகக் கையொப்பம் வைத்த பிணைகாரரும் தப்ப முடியாது.

வியாபாரிகளுக்கும் இப்படி ஒரு காப்பு உண்டு. நாம் பறிக்கிற கொழுந்து தூளாகி, கொழும்பு ஏலத்தில் விலைபோய்க் கப்பலேறுகிறது. முன்பு திருகோணமலையிலிருந்தும் கப்பலேறியது. வெளிநாட்டு வியாபாரி பல நேரம் 60, 90 நாள் கழித்தே காசு தருவார். அதற்குள் அவர் முறிந்து போனாலோ, அவர் நாட்டில் யுத்தம் வந்தாலோ? 1990 ஆகஸ்டில் ஈராக், குவைத்துக்குள் புகுந்ததும் ஐக்கிய நாடுகள் சபை வர்த்தகத் தடை போட்டது. ஈராக்கோ நம் தேயிலையின் பெரிய கொள்வனவாளர். இப்படிப்பட்ட நட்டத்துக்குத்தான் 1978 ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிரித்தானியா 1919 இலேயே தொடங்கியது; இந்தியா 1957 இல். இவ்வகைக் காப்பில் நட்டம் முழுவதையும் தருவதில்லை, ஒரு பங்கு வியாபாரி தலையில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் சரக்கு அனுப்பாமலிருக்க அந்த ஏற்பாடு. நியாயமானதுதான் என்று நினைக்கிறோம். தூள் தரமில்லை என்று தகராறு வந்தால் அதற்கும் காசில்லை.

அந்தத் தாய் டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துப் பார்த்தோம். கடனில் இரண்டு பேர். காப்புறுதியில் கணவர் பெயர் மட்டும். கடலுக்குப் போகிறவர் தம்பி. "அப்ப கொழுந்தனுக்கு ஏதாவது ஆனா, நாங்கதானே முழுசும் கட்டணும்?" என்றார். ஆமாம் என்றோம். தம்பியையும் சேர்க்க முடியுமா, எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று கேட்டு, அன்றே தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். பிரதி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.