தூத்துக்குடிக்கு கார் கம்பெனி வந்தாச்சு, உங்க பணம் எங்கே போகணும்?

போன வீடியோவில் அவசர அவசரமாகச் சொல்லி முடித்த விஷயத்தை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிச்சா நல்லது.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற நாலுவழிச் சாலையில், தாமிரபரணிப் பாலம் தாண்டி, வல்லநாடு, வாகைக்குளம் என்று போனால் பிளாட் விற்கிற போர்டுகள் வரிசையாக வரும். அதில் இப்போ புதுசாகச் சேர்ந்திருக்கிற வாசகம், ‘கார் தொழிற்சாலைக்கு மிக அருகில்’. நம்ம பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "எலெக்ட்ரிக் வண்டிதான் இனிமே எல்லாம்னு சொல்லுதாங்க. இதுல நாம எப்படிச் சம்பாதிக்கிறது?"

முதலில் நடந்ததைப் பார்ப்போம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 ஜனவரியில், சென்னை உலக முதலீட்டாளர் மாநாட்டையொட்டி, 200 கோடி டாலர் வரை, அதாவது சுமார் 16,000 கோடி ரூபாய் போடுவதாகத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2024 பிப்ரவரி 25 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4 அன்று திறப்பு. பதினேழு மாதத்தில் ஒரு கார் ஆலை எழுந்து நிற்பது சாதாரண வேலை இல்லை, இதை மனசாரப் பாராட்டலாம். சுமார் 400 ஏக்கர். ஆரம்பத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். பிறகு ஒன்றரை லட்சம் வரை கூட்டலாம் என்பது திட்டம்.

இந்தப் பாராவில் நான் எழுதிய எண்களை இன்னொரு தடவை பாருங்கள். அதில் எந்த எண் நடந்து முடிந்தது? 16,000 கோடி என்பது வாக்குறுதி. முதல் கட்டத்துக்கு என்று சொன்னதே 50 கோடி டாலர்தான், அதுவும் ஐந்து வருஷத்தில். 50,000 கார் என்பது செய்ய முடிகிற அளவு, விற்ற அளவு இல்லை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிடலாம் என்பதால் எல்லா முகூர்த்தத்துக்கும் ஆயிரம் பேர் வந்துவிடுவார்களா? தொழிற்சாலை செய்தி எதைப் படித்தாலும் ஒப்பந்தத் தொகை, உண்மையில் செலவான தொகை, ஆலையின் திறன், உற்பத்தி, விற்பனை எல்லாம் வேற வேற என்பது மனதில் இருக்கட்டும். பேப்பரில் தலைப்பாக வருவது பெரும்பாலும் முதல் எண். உங்கள் பணத்துக்கு முக்கியமானது கடைசி எண்.

நமக்கு இது புதுசும் இல்லை. நாங்குநேரியை மறந்துட்டோமா? தொழில்நுட்பப் பூங்கா, அப்புறம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று 1990களின் கடைசியிலிருந்து பேச்சு. 2,500 ஏக்கருக்கு மேல் நிலம். சொன்ன அளவுக்குத் தொழிற்சாலை வரவில்லை. அந்தப் பேச்சை நம்பி அக்கம்பக்கத்தில் இடம் வாங்கிப்போட்டவர்களில் சிலரை எனக்கே தெரியும். தூத்துக்குடி நாங்குநேரி மாதிரி இல்லை, இங்கே ஆலை கண்ணுக்கு முன்னாடி நிற்குது. ஆனால் ஆலை நிற்பதும் ஆலை லாபம் பார்ப்பதும் ஒன்றில்லை.

வண்டி விற்க விற்க நஷ்டமா?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கார் ஆலைக்கு வட்டி, தேய்மானம், சம்பளம், ஆராய்ச்சி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 500 கோடி ரூபாய் நிலையான செலவு என்று வையுங்கள். ஒரு கார்கூட விற்கலேன்னாலும் இந்தச் செலவு உண்டு. 50,000 கார் விற்றால் ஒரு காரின் தலையில் விழுவது 1 லட்சம். 5,000 கார்தான் விற்றது என்றால் 10 லட்சம். கார் அதேதான், இரும்பும் பேட்டரியும் அதேதான். ஆனால் ஒன்றில் லாபம், இன்னொன்றில் ஒவ்வொரு காரும் பள்ளம்.

அதனால்தான் இந்தத் தொழிலில் முதல் சில வருஷம் எல்லோரும் நஷ்டத்தில் ஓடுகிறார்கள். வின்ஃபாஸ்ட் 2024-இல் உலகம் முழுக்கக் கொடுத்த கார்கள் 97,000-க்குக் கொஞ்சம் மேல். அந்த வருஷ நஷ்டம் 300 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், காருக்கு 30,000 டாலருக்கு மேல் வரும். நம்ம ஊர்ப் பணத்தில் 25 லட்சத்தைத் தாண்டும். அவர்களுடைய விஎஃப் 6 கார் இந்தியாவில் அறிமுகமான விலையே 16.49 லட்சத்தில்தான் தொடங்கியது! இப்படி வகுப்பது முரட்டுக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நஷ்டத்தில் எதிர்காலத்துக்கான செலவும் இருக்கு. ஆனாலும் நிறுவனர் ஃபாம் நியட் வூங்கும் தாய் நிறுவனமான வின்குரூப்பும் பணம் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் வண்டி ஓடுது என்பது இதில் தெரியும்.

இதோடு மானியம் என்கிற ஊன்றுகோலையும் சேர்த்துப் பார்க்கணும். 2023 ஜூன் 1 அன்று மத்திய அரசு, ஃபேம் 2 திட்டத்தில் எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிக்கான மானியத்தை ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. உச்சவரம்பையும் வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தது. மே மாதம் நாடு முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிப் பதிவான வண்டிகள், ஜூனில் பாதிக்கும் கீழே போச்சு. பிறகு விற்பனை திரும்ப எழுந்து அந்த அளவையும் தாண்டியது, அது வேற விஷயம். ஒரே ஒரு அரசாணையில் ஒரு தொழிலின் ஒரு மாத வருமானம் பாதியாகும் என்றால், அந்தத் தொழிலில் பணம் போடுகிறவர் அதற்கான விலையைக் கழித்துத்தான் கொடுக்கணும்.

2025 செப்டம்பர் 22-இல் இன்னொன்று நடந்தது. 350 சிசி வரைக்கும் உள்ள பெட்ரோல் பைக்கின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. எலெக்ட்ரிக்கின் 5 சதவீதம் அப்படியேதான் இருக்கு. இவி மேல் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் வரியில் அதற்கு இருந்த 23 புள்ளி சாதகம் 13 ஆகச் சுருங்கிப்போச்சு.

ஒரே மாவட்டம், ஒரே பொருள், ரெண்டு ஷேர்

ஓலா எலெக்ட்ரிக்கின் ஆலை போச்சம்பள்ளியில். ஏத்தர் ஓசூரில். இரண்டும் கிருஷ்ணகிரி மாவட்டம், இரண்டும் ஸ்கூட்டர். ஓசூர் டிவிஎஸ்ஸையும் சேர்த்தால், இந்தியாவின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிலில் பெரிய பங்கு அந்த ஒரு மாவட்டத்தில்தான் இருக்கு. சந்தையும் வளர்ந்தது. 2024-25 நிதியாண்டில் நாடு முழுக்க 11 லட்சத்துக்கு மேல் எலெக்ட்ரிக் இருசக்கர வண்டி பதிவானது.

ஓலா 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. கொண்டுவந்தது. பட்டியலான இரண்டு வாரத்துக்குள் 157 ரூபாயைத் தொட்டது. அந்த இரண்டு வாரமும் எனக்கு வந்த போன் கணக்கு கிடையாது, எல்லோரும் "இப்ப வாங்கலாமா?" என்று கேட்டாங்க. 2025 டிசம்பரில் அதே ஷேர் 40 ரூபாய்க்கும் கீழே. ஏத்தர் 321 ரூபாய் ஐ.பி.ஓ. விலையோடு 2025 மே மாதம் பட்டியலானது. அக்டோபரில் 600-ஐத் தாண்டியது.

தொழில் ஒன்றுதான், மானியமும் ஒன்றுதான். 2024-25-இல் இரண்டுமே நஷ்டம்: ஓலாவுக்கு 2,276 கோடி, ஏத்தருக்கு 812 கோடி. பிறகு ஏன் ஒன்று பாதியானது, இன்னொன்று இரட்டிப்பானது? ஓலாவின் நஷ்டம் முந்தின வருஷம் 1,584 கோடி. அது கூடும்போதே வருமானம் 5,010 கோடியிலிருந்து 4,514 கோடியாகக் குறைந்தது. 2024 தொடக்கத்தில் சந்தையில் ஏறத்தாழ பாதி அவர்கள் கையில் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் டிவிஎஸ், பஜாஜ், ஏத்தர் என்று வரிசையாக முந்திட்டாங்க. மொத்தச் சந்தை வளரும்போது உங்கள் கம்பெனியின் பங்கு கரைந்தால், அந்த வளர்ச்சி போய்ச் சேர்வது பக்கத்துக் கடைக்கு. ஏத்தர் எப்பவும் இப்படியே ஏறும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ‘இவி வளருது’ என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினவருக்கு, தன் கையில் எந்த ஷேர் இருக்கு என்பதே தெரியாது.

வின்ஃபாஸ்ட் கதை இன்னும் தீவிரம். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் நாளே அதன் சந்தை மதிப்பு ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் தாண்டியது. மொத்தப் பங்கில் சுமார் 99 சதவீதம் நிறுவனர் தரப்பிடம். சந்தையில் கைமாறியது ஒரு கைப்பிடி. சந்தைக்கு நாலே நாலு கூடை மல்லிகைப்பூ வந்த நாளில் விலை என்ன ஆகும் என்று சங்கரன்கோவில் பூ வியாபாரிக்குத் தெரியும். 90 டாலரைத் தாண்டின ஷேர், அந்த வருஷம் முடிவதற்குள் 10 டாலருக்குக் கீழே.

பிளாட் கணக்கு

என்னிடம் வருகிற ஒரு அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்காரர், ரிட்டயர்மென்ட் பணம் 25 லட்சம் கையில். மூன்று வருஷத்தில் மகள் கல்யாணம். அவர் கேட்டது, "பத்து லட்சத்துக்கு ஆலைப் பக்கம் ஒரு பிளாட் போட்டுரலாமா தம்பி?"

விலை 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000. புரோக்கர் கமிஷன், வேலிக்கல் எல்லாம் விட்டுடுவோம். 10.9 லட்சம் வெளியே போச்சு. இதே பணம் 7 சதவீத எஃப்.டி.யில் இருந்தால், 72-ஐ 7-ஆல் வகுங்கள், பத்து வருஷம் சொச்சத்தில் இரட்டிப்பு. அதாவது பத்து வருஷம் கழித்து அந்த பிளாட் 21 லட்சத்துக்கு மேல் போனால்தான், சும்மா பேங்கில் போட்டதற்குச் சமம். வட்டிக்கு வருஷாவருஷம் வரி உண்டு என்பீர்கள். பிளாட் லாபத்துக்கும் 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. இன்னொன்று, நடுவில் ஒரு ரூபாய் வாடகை கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், கல்யாணத்துக்கு மண்டபம் புக் பண்ணும்போது பிளாட்டில் கால்வாசியை மட்டும் விற்க முடியாது. ஆலை அறிவிப்பு வந்த அன்றே இடத்தின் விலையில் ஆலையும் ஏறிடுச்சு. இன்று நீங்கள் கொடுப்பது ஆலை வந்த பிறகான விலை. இனி ஏறணும்னா, அடுத்த கட்ட விரிவாக்கமோ பக்கத்தில் உதிரிபாக ஆலைகளோ வரணும். அது வருமா என்பது வின்ஃபாஸ்ட் எத்தனை கார் விற்கிறது என்பதில் இருக்கு. சுத்திச் சுத்தி அதே கடைசி எண்ணுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அண்ணாச்சியிடம் கல்யாணப் பணத்தை எஃப்.டி.யிலும் தபால் ஆபீஸ் டெபாசிட்டிலும் பிரித்துப் போடச் சொன்னேன். பிளாட் ஆசை விடலேன்னா, டி.டி.சி.பி. அனுமதி, ரெரா பதிவு எண், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் நாலும் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்கக் கூடாது. நஞ்சையை மண்ணடித்து மேடாக்கிய மனையாக இருந்தால் இன்னும் ஒரு மடங்கு கவனம். அது எந்தக் கால்வாயின் பாசன நிலம் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குப் போகிற 20 எம்.ஜி.டி. தண்ணீருக்கே இங்கே எத்தனை வருஷமாகச் சண்டை என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போ இங்கே யாருக்குத்தான் வருமானம்?

சம்பளக்காரருக்கு. ஆலை லாபம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வரணும். 3,000 முதல் 3,500 பேருக்கு நேரடி வேலை என்று அறிவித்திருக்காங்க. உங்கள் வீட்டில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கிற பிள்ளை இருந்தால், 10 லட்சத்து பிளாட்டைவிட, உயர் மின்னழுத்த பேட்டரி, மோட்டார் கன்ட்ரோலர், ரோபோ வெல்டிங் பயிற்சிக்குப் போடுகிற 50,000 ரூபாய் நல்ல முதலீடு. இந்தக் கம்பெனி சரிப்படலேன்னா அதே கைத்தொழில் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செல்லும்.

அடுத்தது, ஆலைக்குப் பொருளும் சேவையும் கொடுக்கிறவர்கள். பேருந்து, கேன்டீன், பேக்கிங், பராமரிப்பு. காரின் உதிரிபாகங்களில் பெரும்பகுதி முதலில் வெளியிலிருந்துதான் வரும், உள்ளூர் பட்டறைகளுக்கு அந்த வேலை கிடைக்க வருஷங்கள் ஆகும். அதனால் இப்போதைக்கு வாய்ப்பு இந்தச் சுற்று வேலைகளில்தான். இதில் இறங்குகிறவர்கள் முதல் வேலையாக உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை நிறுவனத்துக்கோ எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தரணும். தராவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுக்கிற வருஷம் வரைக்கும் வாங்கினவர் வருமான வரியில் கழிக்க முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் 43பி பிரிவில் சேர்த்த விதி இது. வெறும் வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, கவனம்.

புது வேன் ஐந்து லோனில் எடுக்கிற முன்னாடி மறைமலைநகரையும் நினைச்சுப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் அந்த ஆலை நின்றது. ஃபோர்டை மட்டும் நம்பி நின்ற சப்ளையருக்கு அன்றைக்கு பேங்க் லோனும் சேர்ந்து நின்றதா? இல்லை, லோன் மட்டும் ஓடியது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் வருகிறது என்றால் ஆறு மாத இ.எம்.ஐ.யைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வண்டிக்குக் கையெழுத்துப் போடணும். வேன் ஐந்துக்குப் பதில் இரண்டு எடுத்து, மிச்சத்தைக் கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கிற சோலார், டயர் ஆலைகளின் ஷிப்ட் பேருந்துக்குப் பேசிப் பாருங்கள். அதற்கான ஒப்பந்தத்தில் டீசல் விலை ஏறினால் கட்டணம் எப்படி மாறும் என்ற ஷரத்து இருக்கா என்று பார்த்த பிறகு என்னிடம் வாங்க, இ.எம்.ஐ. கணக்கைச் சேர்ந்து போடுவோம்.