ஜிஆர்இ ஸ்கோர் போதுமா? அமெரிக்க அறிவியல் மேற்படிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெர்பல் 152, குவாண்ட் 165, எழுத்துப் பகுதி 3.5. இப்படி ஒரு ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது போதுமா?" என்று கேட்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அமெரிக்காவில் இயற்பியலோ உயிரியலோ மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை அவர்கள் கண்ணில் தெரியும். கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. இதே ஸ்கோர் ஒரு துறைக்குத் தாராளம், இன்னொரு துறைக்குச் சுமார். வேறு சில துறைகள் ஜிஆர்இயை வாங்கிப் பார்ப்பதே இல்லை. அதனால் எந்தத் துறைக்கு, எந்த இடத்தில், எதோடு சேர்த்துப் பார்த்தால் போதும் என்று படிப்படியாகக் கணக்கிடுவோம்.

முதல் படி: கேட்கிறார்களா?

ஸ்கோரை எடைபோடும் முன், நாம் விண்ணப்பிக்கப்போகும் துறை அதைக் கேட்கிறதா என்று பார்த்துவிடுவோம். பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

2017இல் வட கரோலினா பல்கலைக்கழகமும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் தங்கள் உயிரியல் மருத்துவ பிஎச்டி மாணவர்களை ஆராய்ந்து தனித்தனியே கட்டுரை வெளியிட்டன. யார் நன்றாக ஆய்வு செய்வார்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதுவார்கள் என்பதை ஜிஆர்இ ஸ்கோரை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்பதுதான் இரண்டிலும் தெரியவந்தது. அதன்பின் உயிரியல் துறைகள் ஒவ்வொன்றாக ஜிஆர்இயைக் கைவிட்டன. 2020இல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது மற்ற அறிவியல் துறைகளிலும் பல அதே வழியில் போயின. சில பிறகு மறுபடி ஜிஆர்இயைக் கேட்கத் தொடங்கின. ஆகவே சென்ற ஆண்டு சேர்ந்த சீனியரின் சொல்லை நம்பாமல், இந்த ஆண்டு விண்ணப்பப் பக்கத்தை நாமே திறந்து பார்க்க வேண்டும்.

அங்கே மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். ரிக்வயர்டு என்றால் கட்டாயம். ஆப்ஷனல் என்றால் நம் விருப்பம். நாட் அக்செப்டட் என்றால் அனுப்பவே கூடாது. எஸ்ஓபி என்ற நோக்க அறிக்கையிலும் ஸ்கோரைக் குறிப்பிட வேண்டாம். ஒரே பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை கேட்கும், உயிரியல் துறை கேட்காது. பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தோடு நின்றுவிடாமல் துறையின் பக்கம் வரை போங்கள்.

இரண்டாம் படி: ஸ்கோர் தாளை வாசிப்பது எப்படி?

வெர்பலுக்கும் குவாண்டுக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். எழுத்துப் பகுதிக்கு 0 முதல் 6 வரை, அரை அரையாக. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு சுருங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் அளவுகோல் மாறவில்லை. ஸ்கோர் 5 ஆண்டுக்குச் செல்லும்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே பர்சன்டைல் இருக்கும். நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்பதுதான் அது. உலகம் முழுக்கத் தேர்வு எழுதியவர்களின் சராசரி வெர்பலில் 151ஐயும் குவாண்டில் 158ஐயும் ஒட்டி இருக்கிறது. அதனால் வெர்பலில் 160 எடுத்தவர் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோரை முந்தியிருப்பார். குவாண்டில் அதே 160 எடுத்தவர் ஏறத்தாழ நடுவில் நிற்பார்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2011இல் இந்த அளவுகோல் வந்த புதிதில் குவாண்ட் 165க்கு 90ஐ ஒட்டிய பர்சன்டைல் கிடைத்தது. இன்று அது 70ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கணிதத்தில் வலுவான மாணவர்கள் ஏராளமாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

வெர்பலையும் குவாண்டையும் கூட்டி "எனக்கு 317" என்று சொல்வது நம் ஊரில் பழக்கம். இந்த மொத்தத்தை விட்டுவிடுங்கள். அறிவியல் துறைப் பேராசிரியர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள், குவாண்டை முதலில்.

மூன்றாம் படி: எவ்வளவு இருந்தால் நல்ல ஸ்கோர்?

விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய அளவில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. எந்தத் துறையின் விதியும் அல்ல. இயற்பியல், கணிதம், புள்ளியியலுக்குக் குவாண்ட் 165க்கு மேல் இருந்தால் நிம்மதி. 160க்குக் கீழே போனால் கேள்வி எழும். வேதியியல், புவி அறிவியலுக்கு 160க்கு மேல் நல்லது. உயிரியலில் 155ஐத் தாண்டினால் பெரும்பாலும் தடையில்லை. வெர்பல் 150க்கு மேலும் எழுத்து 3.5க்கு மேலும் இருந்தால் அவற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

இந்த அளவை அந்தத் துறை வெளியிடும் எண்ணோடு ஒப்பிடுவோம். சில துறைகள் சேர்ந்தவர்களின் சராசரியைத் தங்கள் பக்கத்தில் போடுகின்றன. இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் நிறுவனம் நடத்தும் கிராட்ஸ்கூல்ஷாப்பர் என்ற தளத்தில் துறைவாரியாக விவரம் கிடைக்கும். எங்கும் கிடைக்காவிட்டால் துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு மரியாதையாக நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எண் கிடைத்ததும் அது சராசரியா, குறைந்தபட்சமா என்று பாருங்கள். சராசரி 164 என்றால், சேர்ந்தவர்களில் கணிசமானோர் 164க்குக் கீழேதான் எடுத்திருப்பார்கள். 162 எடுத்த மாணவி அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனது வலிக்கிறது. குறைந்தபட்சம் என்று போட்டிருந்தால் கதை வேறு. அதைத் தாண்டினால் விண்ணப்பத்தைப் படிப்பார்கள், அவ்வளவுதான். எண்ணில் 700, 800 என்று வந்தால் அது 2011க்கு முந்தைய அளவுகோல். அதை ஒதுக்கிவிடலாம்.

நான்காம் படி: பாடத் தேர்வு வேண்டுமா?

ஜிஆர்இ பாடத் தேர்வுகளில் இப்போது மிஞ்சியிருப்பவை கணிதம், இயற்பியல், உளவியல் மூன்றுதான். உயிரியலும் வேதியியலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இயற்பியல் தேர்வுக்கு 200 முதல் 990 வரை அளவுகோல். வெளிநாட்டு விண்ணப்பதாரர்கள் இதில் பொதுவாக உயரமாக எடுப்பதால், பொதுச் சராசரியைவிடக் கூடுதலாகவே நாம் குறிவைக்க வேண்டும். ஆப்ஷனல் என்று போட்டிருக்கும் இடத்தில், அதிகம் அறியப்படாத கல்லூரியிலிருந்து வரும் மாணவருக்கு நல்ல பாடத் தேர்வு ஸ்கோர் உண்மையிலேயே கைகொடுக்கும். நம் கலை அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டம் அமெரிக்கப் பேராசிரியருக்குத் தெரியாது. ஆனால் 900 என்றால் என்னவென்று தெரியும்.

ஐந்தாம் படி: மீண்டும் எழுதலாமா?

21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் 5 முறை வரை. அனுமதி இருக்கிறதே என்று ஓடாதீர்கள். ஒரே மாணவர் ஒரே தயாரிப்போடு இரு முறை எழுதினாலும் இரண்டொரு புள்ளி கூடவோ குறையவோ செய்யும். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. 163ஐ 165 ஆக்க இன்னொரு தேர்வு வீண்.

குவாண்ட் 156இல் நிற்கும் இயற்பியல் மாணவர் மறுபடி எழுதுவது சரி. அதற்கு முன் ஈடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். 4, 5 புள்ளி ஏறினால் மட்டும் பணம் கட்டலாம். பிஎச்டி விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வருவதால், அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது.

எவ்வளவு செலவு?

தேர்வுக் கட்டணம் சுமார் 22,000 ரூபாய். தேர்வு நாளில் 4 இடங்களுக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்பலாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3,000 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை. 8 இடங்களுக்கு விண்ணப்பித்தால் இது மட்டுமே அரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். கட்டண விலக்கு உண்டா என்று துறையிடம் கேட்கத் தயங்காதீர்கள். அறிவியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் கிடைக்கும். எம்எஸ் என்றால் பெரும்பாலும் நம் பணம்தான். முன்பணத்தைக் கணக்கிடும்போது இந்த வேறுபாட்டையும் பாருங்கள்.

அனுப்பலாமா, வேண்டாமா?

கட்டாயம் என்றால் அனுப்புவோம். பலமுறை எழுதியிருந்தால் எந்த முறை ஸ்கோரை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு நாளின் வெர்பலையும் இன்னொரு நாளின் குவாண்டையும் சேர்க்க முடியாது. ஆப்ஷனல் என்றால், துறையின் அளவுக்கு மேலே இருந்தால் அனுப்பலாம், கீழே இருந்தால் விட்டுவிடலாம். கல்லூரி மதிப்பெண் குறைவாக உள்ளவருக்கு நல்ல குவாண்ட் ஸ்கோர் கொஞ்சம் ஈடுகட்டும். ஆய்வு அனுபவம் இல்லாத குறையை எந்த ஸ்கோரும் ஈடுகட்டாது.

எச்சரிக்கை

"320 எடுத்தால் இந்தப் பல்கலைக்கழகம் உறுதி" என்று பட்டியல் போட்டுத் தருபவர்களிடம் பணம் கட்டாதீர்கள். ஜிஆர்இ எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பது ஈடிஎஸ்ஸின் சொந்த வழிகாட்டுதல். சேர்க்கைக் குழு ரெக்கமெண்டேஷன் லெட்டரையும் ஆய்வு அனுபவத்தையும் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. டோஃபல், ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுகள் வேறு. அங்கே கேட்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் கதவு திறப்பது கடினம். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இந்த வாரமே ஒரு தாளில் உங்களுக்குப் பிடித்த 8 துறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கேட்கிறார்களா, எவ்வளவு, கடைசி நாள் எப்போது என்று குறித்துவிடுங்கள். தேர்வுக்குப் பணம் கட்டுவதை அதன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.