டியூட்டி கைமாறும் நேரம்

நமது லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்பத்திரிகளில் தாதிமாராகவும் அற்றன்டன்மாராகவும் வேலை செய்கிறார்கள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை பத்து மணிக்கு வந்து, சாப்பாடும் வேண்டாம் என்று சுருண்டு படுத்துக்கொண்டால் என்ன நடந்தது என்று நமக்கு விளங்குவதில்லை. கேட்டால், "அடுத்த டியூட்டி ஆள் நேரத்துக்கு வரல்லம்மா" என்று ஒரு பதில்தான் வரும். அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த மாதப் பாடம். வேலைக்குப் போகிற பிள்ளைகளும் படியுங்கள், வீட்டில் இருக்கிற பெரியவர்களும் படியுங்கள்.

மலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. வார்ட்டில் அப்படி முடிவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் தாதிமாரின் டியூட்டி காலை 7 மணி முதல் பகல் 1 வரை, 1 முதல் இரவு 7 வரை, 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒருவர் போக, ஒருவர் வர வேண்டும். நோயாளி மட்டும் அதே கட்டிலில் கிடப்பார். ஸ்டோரில் ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். புளிக்கப் போட்ட தூளை அடுத்த ஆள் வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? ஆனால் தூள் கெட்டால் போவது பணம். இங்கே போவது ஆள்.

ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். சீனி வருத்தக்கார வயதான அம்மா ஒருவர். இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை மாலை டியூட்டிப் பிள்ளை போட்டுவிட்டாள். ஏழு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால். கடைசி பஸ் எட்டு மணிக்கு. அவர் வந்து சேர்ந்ததும், "எல்லாம் சரி அக்கா, நான் ஓடுறேன்" என்று இவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஊசி போட்டதை டிக்கட்டில் எழுதவில்லை. ராத்திரித் தாதி டிக்கட்டைப் பார்த்தார், எழுத்து இல்லை, ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மகள், "இப்பதானே போட்டாங்க மிஸ்" என்றதால் தப்பியது. இரண்டாவது தடவையும் போட்டிருந்தால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கி, வேர்த்து, நடுங்கி, நினைவு தப்பி, உயிரே போயிருக்கலாம். அந்த அம்மாவோ தூங்கப் போகிற நேரம். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இதில் பிழை யார் மேல்? பிந்தி வந்தவர் மேல் என்று உடனே சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. எழுதாமல் ஓடியது இவள் பிழை. பிந்துகிறவர் நம்மை அவசரப்படுத்துகிறார், அந்த அவசரத்தில் நாம் செய்யும் பிழைக்கு நாம்தான் பொறுப்பு.

பிந்துகிற ஆட்களும் ஒரே ரகம் இல்லை. கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் பிந்துகிறவர் உண்டு. மேலதிக டியூட்டி செய்து அசந்துபோய் வருகிறவர் உண்டு. பஸ் வழியில் நின்றுபோகும். இவர்கள் "இருபது நிமிஷம் பிந்தும்" என்று ஒரு போன் எடுத்தாலே பாதி கஷ்டம் தீரும். வேறு சிலர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், ஆனால் உடுப்பு மாற்றி, தேத்தண்ணி குடித்து, கதைத்து முடியும் வரை பொறுப்பை வாங்க மாட்டார்கள். இவர்களைத்தான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. இன்னொரு ரகம் போகிற பக்கத்தில் இருக்கிறது. ஆறு மணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வைத்திருந்து, ஏழு மணிக்கு வந்தவரைக் காக்க வைப்பவர்.

சரி, பிந்துகிறவரோடு என்ன செய்வது? கோபத்தில் வார்ட்டை விட்டு இறங்கிப் போவது மட்டும் கூடவே கூடாது. பொறுப்பை வாங்க ஆள் வரும் வரை நோயாளி உங்கள் பொறுப்பு. அரை மணிக்கு மேல் போனால் வார்ட் சிஸ்டருக்கோ அந்த நேரத்துப் பொறுப்பாளருக்கோ அப்போதே சொல்லுங்கள்.

மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதையுங்கள். நோயாளிகளுக்கு முன்னால் வேண்டாம். "நீங்க எப்பவும் லேட்" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். "அக்கா, திங்கக்கிழமையும் புதன்கிழமையும் ஏழே முக்கால் ஆச்சு. எனக்கு எட்டு மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டா ஜங்ஷனிலிருந்து தோட்டம் வரைக்கும் இருட்டில நடக்கணும்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். சிங்களப் பிள்ளையாக இருந்தால், "அக்கே, மட்ட பஸ் எக்க மிஸ் வெனவா" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னால் போதும். பிழையாகப் பேசினாலும் யாரும் கடிக்க மாட்டார்கள். இரண்டு முறை சொல்லியும் மாறவில்லையா? கொப்பியில் திகதியும் நேரமும் குறித்து வைத்திருந்து, அதோடு வார்ட் சிஸ்டரிடம் போங்கள்.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். "நாம தோட்டத்து ஆள், புதுசா வந்திருக்கோம், பெரியவங்களப் பத்தி எப்படிச் சொல்றது?" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். பிரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்ற பழக்கம் இரண்டு தலைமுறைக்குப் பிறகும் போகவில்லை. நீங்கள் கோள் சொல்லவில்லை. நோயாளிக்காகப் பேசுகிறீர்கள்.

நம் பக்கத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். டியூட்டி முடிய அரை மணி இருக்கும்போதே டிக்கட்டுகளை எழுதி முடியுங்கள். இரத்தம் ஏற்றுவது போன்ற வேலையை, அவசரம் இல்லையென்றால், கைமாறும் நேரத்தில் தொடங்காதீர்கள். ஏற்றத் தொடங்கியதும் முதல் 15 நிமிடம் கிட்ட இருந்து பார்க்க வேண்டிய வேலை அது. பனடோல் கொடுத்தால் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது 4 மணித்தியாலம் இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. நேரம் எழுதாவிட்டால் அடுத்த ஆள் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்?

ரிப்போர்ட் சொல்வதற்கு நாலு பகுதி போதும்: இப்போது என்ன பிரச்சினை, முன்னால் என்ன நடந்தது, என் கணிப்பு என்ன, இனி என்ன செய்ய வேண்டும். இது அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை. உலக சுகாதார நிறுவனமும் 2007ஆம் ஆண்டு நோயாளி பாதுகாப்புக்கான ஒன்பது வழிகளில் இந்தக் கையளிப்பை ஒன்றாகச் சேர்த்து, இப்படி ஒழுங்குபடுத்திச் சொல்லச் சொன்னது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஆக மோசமான நோயாளியை முதலில் சொல்லுங்கள். "7ஆம் கட்டில், இரத்தம் கூடப் போகுது, நாடி 110. மூணு மணிக்குப் பிள்ளை பிறந்தது, தலைப்பிள்ளை. கர்ப்பப்பை இறுகல்லன்னு நினைக்கிறேன். டொக்டருக்குச் சொல்லியாச்சு, வாராரு. அதுவரைக்கும் பிரஷர், நாடி விடாமப் பாருங்க." அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. இந்த மாதிரி நோயாளி இருந்தால் அடுத்த ஆள் வரட்டும் என்று டொக்டரைக் கூப்பிடாமல் இருக்கக்கூடாது, அதையும் கவனியுங்கள். மோர்பின் போன்ற மருந்து வைத்திருக்கும் அலுமாரிச் சாவியை, இருவருமாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகே கொடுங்கள். பிறகு கணக்குக் குறைந்தால் பஸ்ஸுக்கு ஓடியவர் பெயர்தான் முதலில் அடிபடும்.

இனி வீட்டில் இருக்கிறவர்களுக்கு. பிள்ளை பிந்தி வந்தால் வாசலிலேயே விசாரணை வேண்டாம். அப்பாவோ அண்ணனோ டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் வரைக்கும் போய் நிற்கலாம். அவள் எந்த நாளில் எந்த டியூட்டி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நம் ஆள் ஒருவர் வார்ட்டில் இருந்தால், பகல் ஒரு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் தாதிமார் கட்டில் கட்டிலாகக் கதைத்துக்கொண்டு வரும்போது நடுவில் புகுந்து கேள்வி கேட்காதீர்கள். அவர்கள் முடித்த பிறகு புதிதாக வந்தவரிடம் போய், என்ன ஊசி போட்டார்கள், என்ன குளிசை கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "சிவப்புக் குளிசை ரெண்டு, அஞ்சு மணிக்கு" என்றால் போதும்.