ஏப்ரலில் திரும்பும்போது

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளைக்கு அக்டோபரில் யோசனை சொல்லாதவர் இல்லை. குக்கர், பருப்புப்பொடி, தெர்மல் உடை என்று பெட்டியின் எடை வரை பேசி முடிக்கிறோம். அதே பிள்ளை முதல் செமஸ்டரை முடித்து, மார்ச்சில் வீட்டுக்கு வந்துவிட்டு ஏப்ரலில் திரும்பும்போது, ‘இனி என்ன, ஊர்தான் பழகிவிட்டதே’ என்று வழியனுப்பிவிடுகிறோம். எனக்கு இந்த நிம்மதியில் உடன்பாடில்லை. முதல் செமஸ்டரில் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் கணக்குத் தீர்க்க வேண்டிய காலம் இரண்டாவது செமஸ்டர். அறிமுக வாரமோ, ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப்போகும் சீனியரோ அப்போது கிடையாது. புதிதாகப் போய் இறங்குகிறவரைப் போலவே அதற்குத் தயாராக வேண்டும் என்பேன்.

இதற்கு ஆதாரமாக ஒரு பழைய ஆய்வைக் காட்டுவதுண்டு. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றுவந்த நார்வே நாட்டவர் சுமார் 200 பேரிடம் பேசி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் எழுதியது அது. ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். 6 முதல் 18 மாதம் இருந்தவர்கள் தடுமாறினார்கள். அதற்கும் மேல் இருந்தவர்கள் தேறிவிட்டார்கள். அக்டோபரில் போனவருக்கு ஆறு மாதம் என்றால் சரியாக ஏப்ரல். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதை வைத்து நான் வாதாட மாட்டேன். லிஸ்கார்ட் ஒப்பிட்டது வெவ்வேறு ஆட்களை. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, கோலின் வார்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1998-இல் வெளியிட்டதில், மனச்சோர்வு மிகுந்திருந்தது போய் இறங்கிய நாட்களில்தான். அந்த மறுப்பை ஏற்கிறேன். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஜெர்மனியில், ஜூன் மாதம் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். மனசு தேறத்தான் செய்யும். தேர்வும் பணமும் அதோடு சேர்ந்து தேறிவிடும் என்று நம்புவதில்தான் ஆபத்து.

தேர்வை முதலில் சொல்கிறேன். நம் பொறியியல் கல்லூரிகளில் ‘அரியர்’ என்ற சொல்லுக்குப் பயம் குறைவு, பிறகு எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. படிப்பைக் காரணம் காட்டி வாங்கிய தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். ‘விட்ட இரண்டு பாடத்தையும் இந்த செமஸ்டரிலேயே சேர்த்து எழுதிவிடுகிறேன்’ என்பது துணிச்சலான பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது ஏற்கெனவே 750 முதல் 900 மணி நேரம். அதன்மேல் விட்ட இரண்டு பாடத்துக்கும் சேர்த்து இன்னும் 10 கிரெடிட். கோடை செமஸ்டரின் வகுப்புகளோ ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடும்; இடையில் கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகள் பெரும்பாலும் திங்களிலும் வியாழனிலும் விழுவதால், அந்தக் கிழமைகளில் வகுப்புள்ள பாடங்கள் இன்னும் சுருங்கும். ஆகவே திரும்பிய முதல் வாரமே தேர்வு அலுவலகத்துக்குப் போய், விட்ட பாடத்தை மறுபடி எப்போது நடத்துகிறார்கள், பதிவு தானாக நடக்குமா, நாமே செய்ய வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகுதான் புதுப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது.

‘கடன் வாங்கிப் போனவன் வேலைக்குப் போகாமல் எப்படி?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மற்ற எல்லா மறுப்பையும்விட இது எனக்குப் பெரிது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டுவிட்டுப் போனவர், மாதம் 992 யூரோவாக எடுத்துவந்தால், இரண்டாவது செமஸ்டர் முடியும்போது அது காலியாகிவிடும். ஓராண்டு அனுமதி பெற்றவர் அதே சமயத்தில் நீட்டிப்புக்கு அடுத்த ஆண்டின் பணத்தையும் காட்ட வேண்டும். வேலை தேவைதான். சட்டம் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு இடம் தருகிறது. அதை வகுப்பு நடக்கும் வாரங்களிலேயே செலவழிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். கோடைத் தேர்வுகள் முடிந்தபின் அக்டோபர் வகுப்பு வரை முழு நாட்களைப் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகத்துக்குள் கிடைக்கும் ‘ஹிவி’ எனப்படும் மாணவ உதவியாளர் வேலை இந்த நாள் கணக்கில் வராது. முதல் செமஸ்டரில் நன்றாகச் செய்த பாடத்தின் பேராசிரியரிடம் ஏப்ரலிலேயே கேட்டுப் பார்க்கலாம். முகம் தெரிந்த மாணவர் என்ற சலுகை அக்டோபரில் இல்லாதது, இப்போது இருக்கிறது.

வகுப்புக்கு முந்தைய நாள் போய் இறங்கும்படி டிக்கெட் எடுப்பதை வீட்டார் தவிர்க்க வேண்டும். பத்து நாள் முன்னதாகப் போனால் அலுவலக வேலைகளை முடிக்கவும், நின்றுபோன ஜெர்மன் மொழி வகுப்பில் மறுபடி சேரவும் நேரம் கிடைக்கும். மே மாதம் போனில் பேசும்போது, ‘வேலை கிடைத்ததா’ என்பதற்கு முன்னால், ‘எந்தெந்தத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறாய்’ என்று கேளுங்கள்.