அமர்வு முடிந்த பிறகு எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குக் கருத்தரங்கு என்று கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்கள் முதல் நாள் தேநீர் இடைவேளையிலேயே கேட்டுவிடுவார்கள்: "ராத்திரி இங்கே என்ன இருக்கு?" மலேசிய மாமக் கடையில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் தே தாரிக் தேநீர் குடித்துப் பழகியவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அந்த மாதிரி இரவு சிதம்பரத்தில் கிடையாது. ஆனால் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை உங்கள் கையில் இருக்கிறது. அதை ஊரிலேயே கழிப்பதா, கடலூருக்குப் போவதா, ஒரேயடியாகப் புதுச்சேரிக்கே ஓடுவதா?

தங்குவது ஒரே ஒரு ராத்திரி என்றால் ஊரை விட்டு நகராதீர்கள். பல்கலைக்கழகம் இருக்கிற அண்ணாமலை நகரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் ஊர். ஆட்டோ பிடித்துக் கீழ வீதியில் இறங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் ஆறு மணிக்கே நடராஜர் கோயிலுக்குள் நுழைந்து, சாயரட்சைக் கூட்டத்தில் முண்டியடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் சாப்பிட்டுவிடுங்கள். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கிடைக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். இந்த ஊர்க் கொத்சுக்கு ஒரு பேர் உண்டு. எட்டு மணிக்கு மேல் கோயிலுக்குள் போனால் பிரகாரம் காலியாக இருக்கும். வழியில் கிழக்குக் கோபுர வாசலில் அண்ணாந்து பார்த்தால் நூற்றெட்டு நாட்டியக் கரணங்கள். உள்ளே நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். சைவம், வைணவம் என்று பகலெல்லாம் கட்டுரை வாசித்தவர்கள் அங்கே ஐந்து நிமிடம் நிற்பது நல்லது.

ராத்திரியின் கடைசிப் பூஜை அர்த்தஜாமம். அதையொட்டி சுவாமியின் பாதுகை பல்லக்கில் ஏறிப் பள்ளியறைக்குப் புறப்படும். மணியோசையும் தீவட்டி வெளிச்சமுமாக ஒரு சின்னக் கூட்டம் பின்னால் நடக்கும். யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். சன்னிதிக்கு அருகே போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். கழுத்தில் தொங்கும் கருத்தரங்கு அட்டையையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். மகா சிவராத்திரியை ஒட்டி வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்: 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழா அப்போது நடக்கும், ராத்திரி வெகுநேரம் வரை ஆட்டம்தான்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு ராத்திரிக் கணக்கில் வராது. படகு பகலில்தான், அதற்கு ஒரு காலை அமர்வைத் தியாகம் செய்ய வேண்டும். செய்யலாம், தப்பில்லை.

கடலூர், கோயிலில் மனம் ஒட்டாதவர்களுக்கு. சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு பேர் சேர்ந்தால் டாக்ஸி கட்டுபடியாகும். தேவனாம்பட்டினத்தில் இருக்கிற வெள்ளிக் கடற்கரை அகலமானது. சுண்டலையும் மிளகாய் பஜ்ஜியையும் வாங்கிக்கொண்டு வட்டமாக மணலில் உட்கார்ந்தால், அரங்கில் கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்டுவிடலாம். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலில் மறையாது. பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலா கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம். வரலாற்றுத் துறைக்காரர்கள் பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையைத் தேடுவார்கள். 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய இடம் அது. இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அதுவும் பகலில் பார்க்க வேண்டியது. இருட்டில் கடலில் இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் திட்டமே வேண்டாம்.

புதுச்சேரி கடலூரிலிருந்து இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். சிதம்பரத்திலிருந்து போய்த் திரும்பவே நாலு மணி நேரம் போய்விடும் என்பதால், மறுநாள் காலை கட்டுரை வாசிக்க வேண்டியவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கருத்தரங்கின் கடைசி நாள் என்றால் கதை வேறு. விமானம் ஏறச் சென்னைக்குத்தானே போகப்போகிறீர்கள்? புதுச்சேரி வழியில்தான் இருக்கிறது. மதியமே பெட்டியோடு கிளம்பி, ராத்திரி அங்கே தங்கிவிடுங்கள். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டே நடக்கலாம். குடிப்பவர், குடிக்காதவர், சைவம், அசைவம் எல்லாம் கலந்த கூட்டத்துக்கு இந்த மூன்றில் ஒத்துவருவது இதுதான். கடலூரில் குழுவாக உட்கார்ந்து நிதானமாக ஒரு பீர் குடிக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள்.

அன்றே சிதம்பரம் திரும்புவதாக இருந்தால், டாக்ஸி ஓட்டுநரிடம் ஏறும்போதே நேரத்தையும் காத்திருப்புக் கூலியையும் பேசிவிடுங்கள், அவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். புதுச்சேரியில் விலை மலிவு என்று மதுப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருக்கிறது. நீங்கள் சங்க இலக்கியத்தில் முனைவர் என்பது அங்கே எடுபடாது.